14 செகண்ட் குவெரியும் 0.3 செகண்ட் குவெரியும்

கிருஷ்ணகிரில மே, ஜூன் வந்தா மாங்கூழ் ஃபேக்டரி வாசல்ல பெங்களூரா மாங்கா ஏத்துன வண்டிங்க ராத்திரி பகலா வரிசைல நிக்கும், நான் பாத்துக்கிற சாஃப்ட்வேர் அங்க எடைமேடைலதான் ஓடுது, வண்டி நம்பர் அடிச்சா டோக்கன் வரணும். போன சீசன்ல ஒருநாள் ஸ்க்ரீன் அப்டியே நின்னுபோச்சு, டிரைவருங்க எறங்கி வந்து என்னாச்சுண்ணா, வெயில்ல காய் வீணாகுதுண்ணானு கேக்குறாங்க, எனக்கு கையும் ஓடல காலும் ஓடல.

டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல், அதுகிட்ட கேக்குற ஒவ்வொரு கேள்வியும் ஒரு குவெரி. அதுல ஸ்லோ குவெரி லாக்னு ஒண்ணு இருக்கு, நாம வெச்ச வரம்ப தாண்டி ஒரு குவெரி இழுத்துச்சுன்னா அது முடிஞ்சப்புறம் ஒரு ஃபைல்ல எழுதி வெச்சுடும்: எவ்ளோ நேரம் ஆச்சு, பூட்டுக்காக (வேற குவெரி டேபிள விடுறதுக்காக) எவ்ளோ காத்திருந்துச்சு, டேபிள்ல எத்தனை ரோவ (பதிவ) பொரட்டுச்சு, எத்தனைய திருப்பி குடுத்துச்சுனு. முடிஞ்சப்புறம்தான் எழுதும், அதனால ஃபைல்ல முன்னாடி இருக்கிறது முன்னாடி ஆரம்பிச்சதுன்னு நெனச்சுடாதீங்க.

தொறந்து பாத்தா 14 செகண்ட் எடுத்த ஒரு ரிப்போர்ட் மட்டும் இருந்துச்சு. அத நிறுத்துனேன். ஒண்ணும் மாறல. அப்பதான் உறைச்சுது, வரம்பு நாம மாத்தலன்னா 10 செகண்ட், அதுக்குள்ள முடியிறது எதுவும் லாக்குக்கே வராது! வரம்ப 0 ஆக்குனேன். ஏற்கெனவே ஓடுற கனெக்ஷனுக்கு பழைய வரம்புதான் செல்லும், அதனால அப்ளிகேஷன ஒருதடவ ரீஸ்டார்ட்டும் பண்ணேன்.

ஒரு மணி நேரத்துல ஃபைல் எடிட்டர்ல தொறக்க முடியாத அளவுக்கு வீங்கிடுச்சு. இங்கதான் க்ரெப். 1973ல கென் தாம்சன் எழுதுன கமாண்ட், நாம தேடுற சொல் இருக்கிற வரிங்கள மட்டும் எடுத்து காட்டும், ஃபைல மொத்தமா மெமரிக்கு தூக்காம துண்டு துண்டா படிக்கும். லினக்ஸ்ல வர்ற குனு க்ரெப்போட வேகத்துக்கு காரணம் எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம். 8 எழுத்து டேபிள் பேர தேடுறோம்னா மொதல்ல 8வது எடத்துல இருக்கிற எழுத்த பாக்கும், அந்த எழுத்து நம்ம பேர்லயே இல்லன்னா முன்னாடி இருக்கிற 7 எழுத்த பாக்கவே வேணாம், நேரா 8 எடம் தாண்டிடும். அதாவது ஃபைல்ல பெரும்பகுதிய அது எழுத்து எழுத்தா பாக்குறதே இல்ல. இன்னொண்ணு, நேரம் இருக்கிற வரி குவெரிக்கு மேல இருக்கும், அதனால ஹைஃபன் பெரிய பி (-B) போட்டு மேல இருக்கிற வரிங்களயும் சேத்து எடுங்க.

ஆனா க்ரெப் கூட்டி சொல்லாது. அதுக்கு மைஎஸ்க்யூஎல் கூடவே வர்ற மைஎஸ்க்யூஎல்டம்ப்ஸ்லோங்கிற கமாண்ட். குவெரில இருக்கிற நம்பரையெல்லாம் என்ஆவும் எழுத்துல இருக்கிற மதிப்பையெல்லாம் எஸ்ஆவும் மாத்திட்டு ஒரே அச்சுல இருக்கிறத ஒரு குவியலா சேக்கும், வண்டி நம்பர் வேற வேறயா இருந்தாலும் ஒரே குவியல். நாம எதுவும் சொல்லலன்னா சராசரி நேரத்த வெச்சு அடுக்கும், அப்டி பாத்தா அந்த ரிப்போர்ட்தான் மேல. மொத்த நேரத்த வெச்சு அடுக்க சொன்னேன், மேல வந்தது 0.3 செகண்ட் குவெரி. 6 ஸ்க்ரீன், ஒவ்வொண்ணும் 2 செகண்டுக்கு ஒருதடவ வண்டி நம்பர தேடுது, மணிக்கு 10,800 தடவ, கூட்டுனா 54 நிமிஷம்! ஒரு ரோவுக்காக ஒவ்வொரு தடவையும் 4 லட்சம் ரோவ பொரட்டிட்டு இருந்துச்சு.

வண்டி நம்பருக்கு இண்டெக்ஸ் போட்டேன், எல்லாத்தையும் பொரட்டாம நேரா அந்த ரோவுக்கு போறதுக்கு ஒரு அட்டவணை மாதிரி. ராத்திரி திரும்ப டேபிள் பேர க்ரெப் பண்ணா பொரட்டுன ரோ 1னு இருக்கு, வெளிய வரிசை நகந்துட்டு இருந்துச்சு. வரம்ப 1 செகண்டுக்கு மாத்திட்டுதான் கெளம்புனேன், 0லயே விட்டா விடியிறதுக்குள்ள டிஸ்க் ரொம்பிடும்.