நிறம் தொலைத்த நான்கு ஆமைகள்

நிஞ்ஜா ஆமைகள் கார்ட்டூனில் யார் யாரென்று சட்டெனக் கண்டுபிடிக்கக் கண்ணைச் சுற்றிக் கட்டிய பட்டியைப் பார்த்தால் போதும். லியோனார்டோவுக்கு நீலம், ராஃபேலுக்குச் சிவப்பு, டொனாட்டெல்லோவுக்கு ஊதா, மைக்கலாஞ்சலோவுக்கு ஆரஞ்சு. ஆயுதத்தை விட்டால் மற்றபடி நால்வரும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. இவர்களை வைத்து 1990இல் நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய்க்கு ஓர் ஆட்டம் செய்த கொனாமி நிறுவனம், 1991இல் அதன் அடுத்த பாகமான 'பேக் ஃப்ரம் தி சூவர்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டது. கேம்பாய் திரையில் நிறமே கிடையாது. வெளிர் பச்சையிலிருந்து அடர் பச்சை வரை நான்கே சாயல்கள். சிவப்பும் ஊதாவும் அங்கே ஒரே பச்சைதான். வாளா, தடியா, கையில் இருக்கும் ஆயுதத்தைப் பார்த்துத்தான் ஆளைச் சொல்ல வேண்டும்.

நிறத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு நேரம். திரையில் 160க்கு 144, அதாவது 23,040 புள்ளிகள். நொடிக்கு ஏறக்குறைய 60 முறை அவ்வளவையும் புதிதாக வரைந்தாக வேண்டும். உள்ளே இருக்கும் செயலி (புராசசர்) நொடிக்குச் சுமார் 42 லட்சம் முறை துடிக்கும். நான்கு துடிப்பு சேர்ந்தால்தான் ஒரு சின்ன வேலை முடியும். கணக்குப் போட்டால் ஒரு படத்துக்கு 17,500 வேலைகள் தேறும். புள்ளிக்கு ஒன்றுகூட இல்லை! சரி, அப்புறம் ஆமை எப்படி ஓடுகிறது?

பழைய அச்சகத்தை நினைத்துப் பாருங்கள். அச்சுக் கோர்ப்பவர் எழுத்தை வரைவதில்லை. வார்த்து வைத்த ஈய எழுத்துகளை எடுத்து அடுக்குகிறார். கேம்பாயும் அப்படித்தான். 8க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சதுரங்கள்தான் அதன் எழுத்துகள், பெயர் டைல். ஒன்றுக்கு 16 பைட் போதும். செங்கல் சுவருக்கு ஒரு டைல், சாக்கடைக் குழாய்க்கு இரண்டு மூன்று. எந்த இடத்தில் எந்த எண் டைல் என்ற பட்டியலைச் செயலி எழுதி வைக்கிறது. அதைப் பார்த்துப் புள்ளிகளைத் திரைக்கு அனுப்பத் தனிச் சுற்று இருக்கிறது.

அந்தப் பட்டியல் 32க்கு 32 கட்டம். திரையில் தெரிவதோ 20க்கு 18தான். ஆமை வலப்பக்கம் நடந்தால் சுவரை யாரும் நகர்த்துவதில்லை. 'இங்கிருந்து காட்டு' என்று சொல்லும் ஒரே ஓர் எண் மாறுகிறது. பட்டியலின் வலது ஓரம் முடிந்தால் ராட்டினம் மாதிரி இடது ஓரத்துக்கே வந்துவிடும். அதற்குள், கண்ணுக்குத் தெரியாத பகுதியில் அடுத்த தெருவின் டைல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிவிட வேண்டும். அதற்கு வசதியான நேரம், ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிடைக்கும் ஓர் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி.

ஆமையும் எதிரிகளும் இந்தப் பட்டியலில் இல்லை. அவை ஸ்பிரைட்டுகள்: பின்னணிக்கு மேல் எங்கு வேண்டுமானாலும் வைக்கக்கூடிய தனி டைல்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்: மேலிருந்து எவ்வளவு தூரம், பக்கவாட்டில் எவ்வளவு, எந்த டைல், எப்படிக் காட்டுவது. இந்தக் கடைசி பைட்டில் ஒரு பிட்டை மாற்றினால் உருவம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிவிடும். இடப்பக்கம் பார்க்கும் ஆமையைத் தனியாக வரைந்து இடத்தை வீணாக்க வேண்டாம். என்ன, வலக்கையில் ஆயுதம் பிடித்தவன் திரும்பியதும் இடக்கைக்காரன் ஆகிவிடுவான். ஆடுகிற அவசரத்தில் அதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்?

மொத்தம் 40 ஸ்பிரைட்டுகள் வைக்கலாம். ஆனால் திரையின் ஒரே கிடைவரிசையில் 10க்கு மேல் வராது. ஆமை 24 புள்ளி அகலம் என்றால் வரிசைக்கு மூன்று. நீட்டிய தடிக்கு இன்னும் இரண்டு. எதிரே அதே அகலத்தில் இரண்டு ஆட்கள் நின்றால் ஆறு. ஆகப் பதினொன்று, கடைசி ஆளின் ஒரு துண்டு காணாமல் போகும். இதைச் சமாளிக்க அந்தக் கால நிரலாளர்கள் ஒவ்வொரு படத்திலும் ஸ்பிரைட்டுகளின் வரிசையை மாற்றுவார்கள். ஒரே துண்டு எப்போதும் மறையாமல், ஆளுக்கொரு முறை மறையும்.

பார்ப்பவர்களுக்கு அது சிமிட்டலாகத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் கேம்பாயின் மட்டமான திரை கைகொடுத்தது. அந்த எல்சிடியில் ஒரு புள்ளி முழுதாக அணைவதற்குள் அடுத்த படம் வந்துவிடும். விட்டுப்போன துண்டின் நிழல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்று அதே ஆட்டங்களை எமுலேட்டரில் (பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில்), பளிச்சென்ற போன் திரையில் ஓட்டினால் சிமிட்டல் அப்பட்டமாகத் தெரிகிறது. அதனால் சில எமுலேட்டர்களில் பழைய திரையின் மங்கலையே திரும்பக் கொண்டுவர ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள்.