ஒரு மீட்டர் கொடுவா பெரும்பாலும் பெண்தான்: தூண்டில்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பழவேற்காட்டிலோ முத்துப்பேட்டையிலோ ஒரு மீட்டர் நீளக் கொடுவா தூண்டிலில் மாட்டினால், அது பெண்ணாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். மூன்று முதல் ஐந்து வயதுக்குள், சுமார் 55 - 60 செ.மீ. நீளத்தில் ஆணாக இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். ஐந்து வயதுக்குமேல், 80 முதல் 100 செ.மீ. எட்டும் காலத்தில் விந்தகம் சூலகமாகிவிடும். ஆசியக் கரைகளில் தொடக்கத்திலிருந்தே பெண்ணாக வளரும் மீன்களும் கொஞ்சம் உண்டு. ஆனாலும் பெரியதைப் பிடிப்பதென்றால் பெண்ணைப் பிடிப்பது என்ற கணக்கு மாறுவதில்லை. ஒரு பெரிய பெண் ஒரு பருவத்தில் பல மில்லியன் முட்டைகள் இடும். உடல் பெருக்கப் பெருக்க முட்டையும் கூடும்.

வளர்வது ஆற்றிலும் உப்பங்கழியிலும், முட்டையிடுவது கழிமுகத்தை ஒட்டிய உப்புநீரில். இதுதான் கொடுவாவின் வாழ்க்கை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, மாலை இருட்டும் நேரத்தில் முட்டையிடும். முட்டையின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது மிதக்க உப்பு வேண்டும். ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். குஞ்சுகள் ஏற்று நீரோடு அலையாத்திக் காட்டுக்குள்ளும் சேற்றுக் குட்டைகளுக்குள்ளும் நுழையும். பழுப்பு உடம்பும் தலையில் மூன்று வெள்ளைக் கோடுகளுமாக இருப்பதால், கொடுவாக் குஞ்சென்று பலருக்கு அடையாளம் தெரிவதில்லை. அடையாறு, முட்டுக்காடு போன்ற முகத்துவாரங்கள் மணல் மேடிட்டு அடைபட்டால் இந்தப் போக்குவரத்து நின்றுபோகும். உள்ளே சிக்கிய மீன் கொழுத்து வளருமே தவிர, கடலைச் சேராமல் சந்ததி பெருக்க முடியாது.

தன் இனத்தையே தின்னும் மீன் இது. தன் நீளத்தில் பாதிக்கும் மேல் இருக்கும் இரையைக்கூட விழுங்கிவிடும். அதனால்தான் வளர்ப்புப் பண்ணைகளில் குஞ்சுகளைச் சில நாட்களுக்கு ஒருமுறை அளவுவாரியாகப் பிரிக்கிறார்கள். இந்தியாவில் கொடுவாவின் செயற்கை இனப்பெருக்கத்தை 1997இல் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் சாதித்தது. சந்தையில் கிடைக்கும் ஒன்றரைக் கிலோ கொடுவா பண்ணை மீனாகவும் இருக்கலாம். கழியில் ஓடும் பத்து கிலோ மீனுக்குப் பண்ணையில் மாற்று கிடையாது.

கொடுவா துரத்திப் பிடிப்பதைவிடப் பதுங்கிப் பிடிப்பதையே விரும்பும். பாலத் தூண், விழுந்த மரம், தில்லை வேர்கள், வாய்க்கால் கழியில் சேரும் மூலை, கலங்கல் நீரும் தெளிந்த நீரும் தொடும் கோடு, இவையெல்லாம் அதன் இடங்கள். நம் கரையில் ஓத ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டர் அளவுக்குள்தான். ஆகவே நீர்மட்டத்தைவிட ஓட்டத்தைக் கவனியுங்கள். வற்று நீரின் கடைசி இரண்டு மணி நேரத்தில் சிறு மீனும் இறாலும் ஓடைவாயில் வந்து குவியும். ‘டொப்’ என்று வாயைத் திறந்து நீரோடு உறிஞ்சும் சத்தம் கேட்டால், கொடுவா அங்கே இரை எடுக்கிறது.

இனி சாமான். ஏழடி மீடியம்-ஹெவி ராடு, 4000 அளவு ரீல், 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), அதன் முனையில் முள்ளைக் கட்ட 50 பவுண்டு தங்கூஸ் லீடர் (முனை நரம்பு) ஒன்றரை மீட்டர். கம்பி லீடர் வேண்டாம். கொடுவாவுக்குக் கோரைப்பல் இல்லை, உப்புத்தாள் போன்ற நுண்பற்கள்தான். ஆனால் செவுள் மூடியின் விளிம்பு பிளேடு மாதிரி. மெல்லிய நரம்பு அதில் உரசியே அறுகிறது. விரலும் அப்படித்தான் கிழிகிறது. டிராகை, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை, வில்தராசு கொண்டு அளந்து நாலு கிலோவில் வையுங்கள். கையால் இழுத்துப் பார்த்து வைக்கும் டிராக் பலமுறை இரண்டு கிலோகூட இருப்பதில்லை. முதல் ஓட்டத்திலேயே மீன் தூணைச் சுற்றிவிடும்.

லேசான சாமானில் பெரிய மீனை அரை மணி நேரம் போராட விட்டுக் களைக்க வைப்பதைத் திறமை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது மீனைக் கொல்லும் வழி. 30 டிகிரியில் சூடேறிய கழிநீரில் ஆக்சிஜன் குறைவு. அதில் நீண்ட நேரம் இழுபட்ட மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. விட்ட பிறகு நீந்திப் போனாலும் சில மணி நேரத்தில் செத்து மிதக்கலாம். கனமான சாமான் போட்டுச் சில நிமிடங்களில் கரை சேர்ப்பதே நல்லது.

உயிர் இரைக்கு விரல் நீள மடவை அல்லது உயிர் இறால். முள் 6/0 அல்லது 7/0 அளவு சர்க்கிள் முள் (முனை உள்நோக்கி வளைந்தது), அதிலும் முனை பக்கவாட்டில் திருகாத நேர் முள். மடவையை மூக்கிலோ முதுகின் மேல்தோலிலோ கோர்த்து, முள்ளின் இடைவெளி முழுவதும் திறந்திருக்குமாறு பாருங்கள். இரை அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் முள் வாயோரத்தில் ஏறாது. கடித்ததும் வெட்டி இழுக்கக் கூடாது. நரம்பு இறுகும்வரை ரீலை மட்டும் சுற்றுங்கள். பழக்கத்தில் ராடை உயர்த்தி வெட்டினால் வாயிலிருந்தே உருவிக்கொண்டு வரும். சர்க்கிள் முள் ‘வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் பெரும்பாலானவை இதனால்தான்.

லூர் (செயற்கை இரை) என்றால் 10 முதல் 14 செ.மீ. இரண்டு சுண்டு, பிறகு மூன்று விநாடி நிறுத்தம். அடி விழுவது பெரும்பாலும் நிறுத்தத்தில்தான். மூன்று கொக்கி முள்ளைக் கழற்றி ஒற்றை முள் போடுங்கள். மீன் துள்ளித் தலையை உதறும்போது மூன்று கொக்கி உங்கள் கைக்கும் ஆபத்து, மீனின் கண்ணுக்கும் ஆபத்து. துள்ளப்போகிறது என்று தெரிந்தால் ராடு முனையை நீரை ஒட்டித் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுங்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 செ.மீ.க்குக் குறைந்ததும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதும் எடுக்கக் கூடாது என்பது விதி. அந்த மாநிலத்தின் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் ஜனவரி முடிய கொடுவாவே பிடிக்கக் கூடாது. நம் கழிகளுக்கு 60 முதல் 80 செ.மீ. வரை மட்டும் எடுத்துக்கொள்வது என்று நாமே வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. சுமார் மூன்று முதல் ஏழு கிலோ. சாப்பிடவும் இதுதான் ருசி. ஒரு முறையாவது ஆணாகப் பெருகியிருக்கும், பெண்ணாக மாறும் மீன்கள் தப்பிக்கும்.

விடும்போது கையை நனைத்துக்கொள்ளுங்கள். முடிச்சில்லாத ரப்பர் வலையில் மீனை நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். பத்து கிலோ மீனைக் கீழ்த்தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் தாடை மூட்டு விலகும். ஒரு கை தாடையில், மறு கை வயிற்றடியில், படுக்கைவசமாக. செவுளுக்குள் விரல் விடவே வேண்டாம். படம் எடுக்க வேண்டுமானால் தூக்கும்போது நீங்களும் மூச்சை அடக்குங்கள். உங்களுக்கு முட்டும்போது மீன் நீருக்குள் போயிருக்க வேண்டும். முள்ளை விழுங்கியிருந்தால் நோண்டாமல், முள்ளுக்கு அருகில் லீடரை வெட்டுங்கள். ஸ்டெயின்லெஸ் அல்லாத முள் துருப்பிடித்து விழ வாய்ப்பு உண்டு. களைத்த மீனை ஓட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்திருங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் பின்னிழுக்கையில் செவுளில் நீர் தலைகீழாகப் பாயும். வாலை அது தானாக உதறும்வரை கையை எடுக்க வேண்டாம்.