சாவி யாரிடம் இருக்கிறது?

2018 மே 11, விடியற்காலை 5.15. மேற்கு ஆஸ்திரேலியாவில் மார்கரெட் ரிவர் ஊருக்குப் பக்கத்தில், ஒஸ்மிங்டன் என்ற பண்ணைப் பகுதியிலிருந்து காவல்துறைக்கு ஒரு அழைப்பு போனது. போலீசார் போய்ப் பார்த்தபோது தாத்தா, பாட்டி, அவர்களின் மகள், மகளின் நான்கு பிள்ளைகள் என்று ஏழு பேரும் இறந்துகிடந்தார்கள். தாத்தாவே மற்றவர்களைச் சுட்டுவிட்டுத் தானும் இறந்தார் என்று கருதப்பட்டது. அங்கிருந்த மூன்று துப்பாக்கிகளும் தாத்தாவின் பெயரில் முறையாக உரிமம் பெற்றவை. போர்ட் ஆர்தரில் 1996 ஏப்ரலில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பிறகு, துப்பாக்கிச் சூட்டில் அந்த நாடு அதுவரை கண்டிராத பலி இது.

அங்கேதான் சட்டம் அவ்வளவு கடுமையாயிற்றே, பிறகு எப்படி நடந்தது?

போர்ட் ஆர்தர் நடந்து 12 நாளில் போட்ட ஒப்பந்தத்தின்படி, தானாகக் குண்டேற்றிக்கொள்ளும் ரைபிள்களும் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்களும் சாதாரண மக்கள் கையிலிருந்து போயின. சுமார் 6,50,000 துப்பாக்கிகளை அரசு காசு கொடுத்து வாங்கி அழித்தது. உரிமம் வேண்டுமென்றால் தக்க காரணம் காட்ட வேண்டும்; தற்காப்பு காரணமாகாது. வாங்க 28 நாள் காத்திருக்க வேண்டும். கூட்டத்தில் புகுந்து சுடுகிறவனை மறிக்க இவை நன்றாகவே உதவின.

பண்ணைக்காரருக்கோ காரணம் உண்டு. முயல், நரித் தொல்லை. பிழைக்காத மாட்டுக்கு வலியில்லாத முடிவு. குற்றப் பதிவு இருக்காது, ஊரில் நல்ல பெயர். 28 நாள் காத்திருப்பு வாங்கும்போது மட்டும்தான். இருபது வருடமாக வீட்டில் இருக்கும் ரைபிளுக்கு அது கிடையாது. நியூ சவுத் வேல்ஸின் லாக்ஹார்ட்டில் 2014இல் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் சுட்டுவிட்டுத் தானும் இறந்தவரும் ஒரு விவசாயிதான்.

பூட்டி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கனமான எஃகுப் பெட்டி, சுவரோடு சேர்த்து போல்ட், தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டு: இதெல்லாம் திருடனுக்கும் குழந்தைக்கும் சரி. ஆபத்து, சாவி வைத்திருப்பவரிடமிருந்தே வரும்போது பெட்டி என்ன செய்யும்? இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, பாதியில் வீடுதோறும் பூச்சிமருந்துக்குப் பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். அதைக் குடித்துச் சாக முயல்வது குறையவில்லை. கொடிய மருந்துகளைக் கடையிலிருந்தே எடுத்த பிறகுதான் அந்த நாட்டில் சாவு குறைந்தது. துப்பாக்கிக்கும் இதே கணக்குதான்.

ஆகவே ஒருவர் மனம் ஒடிந்திருக்கும் காலத்தில், துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். எப்போது? தூக்கம் வாரக்கணக்கில் கெடுகிறது, கடன் அல்லது நோய் நெருக்குகிறது, 'நான் போய்விட்டால் இதுகளை யார் பார்ப்பார்கள்' என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. இந்தப் பேச்சைப் பாசம் என்று எண்ணித் தள்ளிவிடுகிறார்கள். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகும் நினைப்பு சிலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது. நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? பிள்ளைகளையும் சேர்த்து நினைக்கிறீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் உடனே 000 என்ற அவசர எண்ணை அழையுங்கள். அவசரம் அவ்வளவு இல்லையென்றால், அவர் சம்மதத்தோடு துப்பாக்கியை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைக்கலாம். காவல் நிலையத்துக்கு முதலில் போன் செய்து சொல்லிவிட்டுப் போவது நல்லது. பக்கத்து வீட்டுக்காரருக்கு உரிமம் இல்லையென்றால் அவரிடம் கொடுப்பது குற்றம். தோட்டாவையும் சேர்த்து அனுப்புங்கள். ரைபிளின் போல்ட்டை (அது இல்லாமல் சுட முடியாத பாகம்) மட்டும் கழற்றி ஒளிப்பது பழைய பழக்கம். ஒளித்தவர் அவரேயானால் அதற்குப் பொருளில்லை. மனைவி, மகன் பேச்சு எடுபடாத வீடுகளில் பழகிய டாக்டர் சொன்னால் சில சமயம் எடுபடும். "ரைபிளைக் கொடு" என்பதைவிட "அறுவடை முடியும்வரை கடையில் இருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். பண்ணைக்காரருக்கு மானம் பெரிது.

மேற்கு ஆஸ்திரேலியா 2024இல் சட்டத்தையே மாற்றி எழுதியது. பண்ணைக்காரருக்கு 10 துப்பாக்கி, வேட்டைக்காரருக்கு 5 என்று உச்சவரம்பு. உரிமக்காரருக்கு உடல், மன நலப் பரிசோதனை கட்டாயம். எண்ணிக்கை வரம்பைப் பற்றித்தான் சண்டை அதிகம் நடந்தது. ஒஸ்மிங்டனில் இருந்தவை மூன்று. அந்த வரம்பு அங்கே எதையும் தொட்டிருக்காது. பரிசோதனைதான் இந்த வகைச் சாவுக்குக் கிட்டே வரும் விதி. அதிலும் ஒரு குறை: பரிசோதனை முடிந்த அடுத்த மாதமே மனம் உடையலாம்.

ஒப்படைத்த துப்பாக்கிகளை அவர் திருப்பிக் கேட்கும் நாள் வரும். "இப்ப நல்லா இருக்கேன்" என்ற சொல் மட்டும் போதாது. தூக்கம் திரும்பியிருக்கிறதா, மருந்து ஒழுங்காகப் போகிறதா, முதலில் நெருக்கிய கடனோ நோயோ என்ன ஆயிற்று என்று டாக்டரும் வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த பிறகு, முதலில் ஒன்றை மட்டும் வாங்கி வாருங்கள்.