நீளாத கயிறு

கொழும்பு 12, பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயர் கடை. படகுக்குப் பின்னால் ஆள் பிடித்துக்கொண்டு போகக் கயிறு வேண்டும் என்றதும் முதலாளி 8 மில்லிமீற்றர் நைலோனை எடுத்துப் போட்டார். “யானை இழுத்தாலும் அறாது தம்பி.” அறவில்லைதான். ஞாயிற்றுக்கிழமை பொல்கொட வாவியில் மச்சான் வேக்போர்ட்டில், அதாவது படகு இழுக்கத் தண்ணீரில் சறுக்கும் பலகையில், எழும்பப் பார்த்தான். படகு போனது, கயிறு நீண்டது, அவன் இருந்த இடத்திலேயே இருந்தான். பிறகு கவணில் விட்ட கல்லாகக் கிளம்பிக் குப்புற விழுந்தான்.

கயிறு எவ்வளவு தாங்கும் என்று கேட்ட நாங்கள், எவ்வளவு நீளும் என்று கேட்கவில்லை.

கணக்கு எளிது. 20 மீற்றர் கயிற்றை 1000 நியூற்றன், அதாவது ஏறக்குறைய 100 கிலோ எடையின் விசையோடு இழுக்கும்போது அது 1 மீற்றர் நீண்டால், உள்ளே சேரும் சக்தி சுமார் 500 யூல். 10 கிலோ அரிசிப் பை 5 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கைபிடி நழுவினால் அவ்வளவும் படகில் இருப்பவர் முகத்தைத் தேடி வரும். அதே விசைக்கு 10 சென்ரிமீற்றரே நீளும் கயிற்றில் சேர்வது 50 யூல்தான்.

வேக்போர்ட்காரருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பலகையின் விளிம்பைத் தண்ணீரில் பதித்துப் பக்கவாட்டில் விலகிப் போய், பிறகு படகின் அலையை நோக்கித் திரும்பும்போது கயிற்றில் இழுவிசை ஏறிக்கொண்டே வரும். அலையின் உச்சியில் அந்த இழுவிசைதான் அவரைத் தூக்குகிறது. நீளும் கயிறு பாதியை விழுங்கிவிட்டு, அவர் அந்தரத்தில் இருக்கும் நேரம் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும்.

இதற்கென்றே வரும் நல்ல கயிறுகள் டைனிமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் விற்கும் இழைகளால் ஆனவை. வேதியியலில் இவை நம் சிலிசிலி பையின் உறவுக்காரர், பொலிஎதிலீன்தான். பையில் மூலக்கூறுச் சங்கிலிகள் இடியப்பம்போலச் சிக்கிக் கிடக்கும். டைனிமாவில் அவை மிக நீளமானவை, எண்ணெய் வைத்து வாரிய தலைமயிர்போல ஒரே பக்கம் படிந்தவை. ஏற்கெனவே நேராக நிற்கும் சங்கிலி இனி எங்கே நீளும்? விலை அதிகம். தொடக்கக்காரருக்குச் சாதாரண பொலிஎதிலீன் பின்னல் கயிறே போதும் என்பது என் எண்ணம்.

இரண்டுமே தண்ணீரை விட இலேசானவை, மிதக்கும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் நைலோனுடையது 1.14, அது தாழ்ந்து போய்ப் படகைத் தள்ளும் காற்றாடியில் சுற்றிக்கொள்ளும்.

மிதப்பதை மட்டும் பார்த்தால் நம் தும்புக்கயிறும் தேறும். அது நன்றாக நீளவும் செய்யும். அந்தக் குணத்துக்காகவே ஒரு காலத்தில் கப்பல்களை இழுக்கத் தும்புவடம் தேடி வாங்கினார்கள்; கடல் கொந்தளிப்பில் வரும் அதிர்ச்சியை வடமே உறிஞ்சிக்கொள்ளும். ஆள் ஏறியிருக்கும் காற்றடைத்த டியூபை இழுக்கவும் சற்று நீளும் கயிறுதான் நல்லது. ஆனால் டியூபை வேக்போர்ட் கோபுரத்தில், அதாவது கயிற்றை உயரத்தில் கட்டப் படகின் மேல் நிற்கும் சட்டத்தில், கட்டக்கூடாது. டியூப் தண்ணீரில் குத்தினால் வரும் இழுவைக்கு அந்தக் கோபுரம் செய்யப்பட்டதல்ல.

இனி நீளம். படகின் அலை அருகில் ஒடுங்கிச் செங்குத்தாக இருக்கும், தூரம் போகப் போக அகன்று சரியும். புதியவருக்கு 12 முதல் 17 மீற்றர் போதும்: கடக்கும் அகலம் குறைவு, கயிறு மேல்நோக்கியும் இழுப்பதால் எழும்புவது சுலபம். தேர்ந்தவர்கள் மணிக்கு 35 கிலோமீற்றர் அளவில் 20 மீற்றருக்கு மேல் விடுவார்கள். வேகம் கூடினால் அலை நீண்டு பின்னுக்குப் போகும், அதற்கேற்ப நீளம் கூடிய கயிறு வேண்டும். அதனால்தான் கழற்றிவிடக்கூடிய சிறு துண்டுகளோடு இவை விற்பனைக்கு வருகின்றன.

நீளத்தைக் குறைக்க நடுவில் முடிச்சுப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. முடிச்சு கயிற்றின் பலத்தில் பாதி வரை தின்றுவிடும். டைனிமா வழுக்கல் வேறு, சாதாரண முடிச்சு உருவிக்கொண்டு வரும். கைபிடி சேரும் இடத்தில் இழைகள் பஞ்சாகக் கிளம்பியிருந்தால் கயிற்றை மாற்றுங்கள். எங்கள் நைலோன் இப்போது வெள்ளவத்தை மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும் கொடி. ஈர ஜீன்ஸ் போட்டால் அங்கேயும் தொய்கிறது.