செஸ்னா கூடுதல் வரி இல்லீங்க

நேத்து ராத்திரி டிவி விவாதத்துல மறுபடியும் கேட்டேன். "பெட்ரோல் மேல போட்டிருக்கற கூடுதல் வரி"ன்னு நெறியாளர் சொல்றாரு, அவர் சொல்ல வர்றது செஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட வேலைக்குன்னு சொல்லி வாங்கற வரி. எதிர்ல உக்காந்தவரு அதையே "மேல்வரி"ங்கறாரு, கீழ ஓடற எழுத்துல "தீர்வை"ன்னு போகுது. ஒரே ஸ்கிரீன்ல ஒரே சாமானுக்கு மூணு பேரு, மூணும் தப்பு. ரிமோட்டை ஓரமா வெச்சுட்டு இதை எழுத ஆரம்பிச்சேன்.

எனக்கு இந்த சொல் மேல கடுப்பு வந்ததுக்கு ஒரு கதை இருக்கு. 2022 ஏப்ரல்ல தமிழ்நாடு பூரா சொத்து வரி ஏத்துனாங்கல்ல, அப்போ. பிப்ரவரிலதான் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்துச்சு, ஜெயிச்ச கவுன்சிலருங்க போட்ட சால்வையக் கூட இன்னும் மடிச்சு வெக்கல, அதுக்குள்ள வரி ஏத்தற தீர்மானத்துக்கு கை தூக்க வேண்டியதாப் போச்சு. சென்னையோட பழைய பகுதியில 600 சதுர அடிக்குள்ள இருக்கற வீட்டுக்கே 50 சதவீதம், 1,800 சதுர அடி தாண்டினா 150 சதவீதம். எங்கள மாதிரி நகராட்சிக்காரங்களுக்கு 25ல ஆரம்பிச்சு 100 வரைக்கும். எங்க பக்கத்து வீட்டு சாரு, ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர், கணக்குல ஒரு ரூபா விடமாட்டாரு, வந்த நோட்டீஸ வெச்சுகிட்டு பில் கலெக்டர வாசல்லயே நிறுத்தி ஒவ்வொரு வரியா கேக்கறாரு. அவரும் பொறுமையா சொல்லிட்டு வந்து, "இது லைப்ரரி செஸ் சார்"னுட்டு சைக்கிள எடுத்துட்டாரு. அது ஜூலை மாசம். மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட், சென்னையில நேப்பியர் பாலத்துக்கே கட்டம் கட்டமா கறுப்பு வெள்ளை அடிச்சிருந்தாங்க. சார் நேரா எங்க வீட்டுக்கு வந்து, "ஏம்ப்பா, ஒலிம்பியாட் செலவ நம்ம தலையில கட்டிட்டானுங்களா? லைப்ரரில செஸ் போர்டு வாங்கி வெக்கப் போறாங்களாமே?"ன்னாரு.

சிரிக்காம பதில் சொல்ல கொஞ்ச நேரம் ஆச்சு. ஆனா தப்பு அவரு மேல இல்ல. செஸ்ங்கற சத்தம் தமிழ்க் காதுல விழுந்தா ராஜா ராணி குதிரைதான் வரும், வரி வராது. அதனால தமிழ்ல ஒரு சொல் வேணும்ங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல. தனித்தமிழ் வெறி எல்லாம் கிடையாது, பஸ்ஸ பஸ்ஸுன்னுதான் சொல்றேன். புரியாத எடத்துல மட்டும்தான் எனக்கு சொல் வேணும்.

சரி, சொல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு சுருக்கமா சொல்லிடறேன். இங்கிலீஷ்ல அசெஸ்னா மதிப்புப் போட்டு வரி விதிக்கறது. அதுக்கு மூலம் லத்தீன்ல "பக்கத்துல உக்காரு"ங்கற மாதிரி ஒரு சொல், நீதிபதி பக்கத்துல உக்காந்து மதிப்பு சொல்றவன் வேலை. அந்த அசெஸ்ல தலையை வெட்டினா செஸ். எழுத்தையும் தப்பா மாத்தி எழுதி அதுவே நிலைச்சுருச்சு. அயர்லாந்துல பட்டாளத்துக்கு சோறு போட ஊர்க்காரன்கிட்ட புடுங்கறதுக்கு இந்தப் பேரு இருந்துச்சு, அப்புறம் அங்க உள்ளூர் வரிக்கே பேராச்சு. வெள்ளைக்காரன் அதை இங்க இறக்குனான். 1871ல மெட்ராஸ் லோக்கல் ஃபண்ட்ஸ் சட்டம் வந்து, நிலவரியோட சேத்து ரோட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்னு ஒரு செஸ் போட்டாங்க. ஆக இங்க வந்தப்பவே அது ஒரு குறிப்பிட்ட வேலைக்குன்னு சொல்லி வாங்கற காசு. அதுதான் அதோட உயிர்.

இப்ப கூடுதல் வரிக்கு வருவோம். எனக்கு மெயின் சண்டை இதோடதான்.

கூடுதல்னா என்ன சொல்லுது? இருக்கறதுக்கு மேல இன்னொண்ணுன்னு சொல்லுது. எதுக்குன்னு சொல்லல. செஸ்ஸோட வேலையே எதுக்குன்னு சொல்றதுதான், அதையே முழுங்கிட்டு மிச்சத்த மொழிபெயர்த்தா அது என்ன மொழிபெயர்ப்பு? அதுவும் போகட்டும், அந்த நாற்காலில ஏற்கனவே ஒருத்தர் உக்காந்திருக்காரு. பெட்ரோலையே எடுத்துக்குங்க. மத்திய அரசு அதுல அடிப்படை ஆயத்தீர்வைன்னு (எக்சைஸ் ட்யூட்டி) ஒண்ணு வாங்குது, சிறப்பு கூடுதல் ஆயத்தீர்வைன்னு சட்டத்துலயே "கூடுதல்" போட்ட பேரோட இன்னொண்ணு வாங்குது, அதுக்கப்புறம்தான் ரோடு செஸ்ஸும், 2021 பட்ஜெட்ல வந்த வேளாண் உள்கட்டமைப்பு செஸ்ஸும். அந்த வேளாண் செஸ் பெட்ரோலுக்கு லிட்டருக்கு ரெண்டரை ரூபா, டீசலுக்கு நாலு ரூபான்னு போட்டாங்க. நெறியாளர் "கூடுதல் வரி"ன்னா நான் இதுல எதைன்னு நினைக்கறது? வருமான வரி இன்னும் கூத்து. அம்பது லட்சத்துக்கு மேல சம்பாதிக்கறவங்களுக்கு, கட்டற வரி மேலயே இன்னும் இத்தனை சதவீதம்னு வாங்கற சர்சார்ஜ்னு ஒண்ணு உண்டு, வரியையும் சர்சார்ஜையும் கூட்டி அது மேல 4 சதவீதம் சுகாதாரம், கல்விக்கான செஸ். ஒரு பத்திரிகையில இதை "வரியுடன் கூடுதல் வரியும், அதன் மேல் 4 சதவீத கூடுதல் வரியும்"னு போட்டிருந்தான். படிச்சவன் ஆடிட்டருக்குத்தான் போன் பண்ணுவான்.

மேல்வரின்னு சொல்றவங்க கொஞ்சம் பரவால்ல, ஆனா அவங்க கிராமத்துக் கணக்கைப் பாத்ததில்ல. எங்க தாத்தா கர்ணம், அதாவது கிராமக் கணக்குப்பிள்ளை. 1980ல அந்தப் பரம்பரைப் பதவிய எல்லாம் ஒழிச்சுட்டாங்க, நல்லதுதான், ஆனா டிரங்குப் பெட்டி மட்டும் வீட்ல தங்கிருச்சு. அதுல நிலவரி கட்டுன ஒரு கிஸ்தி ரசீது, பசலி (வருவாய்க் கணக்கு வருஷம்) 1385, அதாவது 1975 ஜூலைலேர்ந்து 76 ஜூன் வரைக்கும். மஞ்சளாப் போன தாள்ல ஊதா மசி. மேல தீர்வை, அதுக்குக் கீழ தலவரி, அதுக்கும் கீழ தலமேல்வரி. மூணு தனித்தனி வரிசை, மூணுக்கும் தனித்தனி தொகை. தீர்வைன்னா நிலத்துக்கு சர்க்கார் விதிச்சது. தலவரின்னா லோக்கல் செஸ். தலமேல்வரின்னா அந்த லோக்கல் செஸ் மேல வர்ற சர்சார்ஜ். இன்னிக்கும் 1994 ஊராட்சிகள் சட்டத்துல இந்த ரெண்டும் இருக்கு, நிலவரி ஒரு ரூபான்னா தலவரி ஒரு ரூபா, தலமேல்வரி அதை விடப் பல மடங்கு. அம்மாவ விடப் புள்ள உசரம், அது வேற கதை. நான் சொல்ல வர்றது, எட்டாங்கிளாஸ் படிச்ச எங்க தாத்தாவுக்கு செஸ்ஸுக்கு ஒரு சொல்லும் சர்சார்ஜுக்கு இன்னொரு சொல்லும் கையில இருந்துச்சு. மேல்வரிங்கற பேரை அன்னைக்கே சர்சார்ஜுக்குக் குடுத்தாச்சு. இப்ப ஏசி ரூம்ல உக்காந்து மொழிபெயர்க்கறவரு அதே பேரை செஸ்ஸுக்குத் தூக்கிக் குடுக்கறாரு. ஒரு வருவாய்த் துறை ஆள்கிட்ட, ஒரு வி.ஏ.ஓ.கிட்ட கேட்டிருந்தா டீ குடிக்கற நேரத்துல சொல்லியிருப்பாங்க.

தீர்வைதான் கொஞ்சம் சிக்கல், ஏன்னா வேரைப் பாத்தா அதுதான் கிட்ட வருது. தீர்க்கறது, இவ்வளவுன்னு முடிவு பண்றது, அதான் தீர்வை. அசெஸ்மென்டுக்கு அச்சு அசலா அதே பொருள். கிராமத்து நிலக் கணக்கான அடங்கல்ல "தீர்வை ஏற்பட்ட தரிசு", "தீர்வை ஏற்படாத தரிசு"ன்னு இன்னைக்கும் எழுதறாங்களே, அது அசெஸ்மென்டேதான். அசெஸ்லேர்ந்து செஸ் வந்துச்சுன்னா தீர்வைன்னே சொல்லிடலாமேன்னு ஒரு நண்பர் என்கிட்ட வாதாடினாரு. வேர் சரி, ஆனா சொல்லை ஜனங்க வேரப் பாத்தா வாங்கறாங்க? முத்திரைத் தீர்வை, ஆயத்தீர்வை, நிலத்தீர்வைன்னு அது ட்யூட்டிக்கும் நிலவரிக்கும் பட்டா போட்டுக் குடுத்தாச்சு, இதுல எதுவும் ஒரு நோக்கத்துக்குன்னு எடுத்து வெக்கற காசு கிடையாது. ரொம்ப வருஷமா நடமாடற சொல்லுக்கு புதுசா ஒரு வேலை குடுத்தா ரெண்டு வேலையும் கெடும். (இலங்கைத் தமிழங்க வீட்டு வரியை சோலைவரின்னு சொல்வாங்க, ஆதனவரின்னும் சொல்வாங்க. என்ன அழகான பேரு. நமக்கு அந்தக் குடுப்பினை இல்ல.)

சரிப்பா, அப்ப நீதான் சொல்லேன்னு கேப்பீங்க. நம்ம ஆளுங்க இதுக்கு ஆயிரம் வருஷமா ஒரு வழி வெச்சிருக்காங்க, எதுக்கு வாங்கறோமோ அதையே பேரா வெச்சுடறது. சோழர் கல்வெட்டுல ஏரி ஆயம்னு வரும், ஏரிக்காக ஊர்ல வாங்குனது. பாடிகாவல்னு வரும், ஊர்க் காவலுக்கு. பேரைக் கேட்டாலே எதுக்குன்னு தெரிஞ்சுரும். அதே கல்வெட்டுலயே தறியிறை, செக்கிறைன்னும் வரும், ஆனா அது வேற ஜாதி, தறி மேல போட்டது, செக்கு மேல போட்டது.

இங்கதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. தமிழ்ல ரெண்டு சொல்லை ஒட்ட வெச்சா நடுவுல இருக்கற வேற்றுமை உருபு மறைஞ்சுரும், தொகைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே அதான். சொத்து வரின்னா சொத்து மேல வரி. தொழில் வரின்னா தொழில் மேல. நூலக வரின்னா? நூலகத்துக்கு வரி, நாலாம் வேற்றுமை. ஆனா பாக்கறதுக்கு மூணும் ஒரே சட்டை. எங்க தெருவுல ஒரு அம்மா, "எங்க வீட்ல லைப்ரரியே இல்ல, எனக்கு எதுக்கு நூலக வரி?"ன்னு நிஜமாவே கேட்டாங்க. ரோடு டாக்ஸ் கதை அதுக்கு நேர் தலைகீழ், அது வண்டி மேல போடற வரி, ஆனா பேரைக் கேட்டு எல்லாரும் ரோடு போடறதுக்குன்னு நினைச்சுகிட்டு பள்ளத்துல விழும்போது திட்டறோம்.

அதனால நான் சொல்றது ரொம்ப சாதாரணம். மறைஞ்ச உருபை வெளிய எடுங்க. நூலகத்துக்கான வரி, ரோட்டுக்கான வரி, கல்விக்கான வரி. நாலு எழுத்து கூடும், அவ்வளவுதான். மொத்தமா செஸ்ங்கற வகைக்கு ஒரு பேரு வேணும்னா நோக்க வரி. இலக்கு வரின்னு ஒருத்தர் சொன்னாரு, அது மார்ச் மாசம் பில் கலெக்டருக்குக் குடுக்கற டார்கெட் மாதிரி இருக்கு. ஒதுக்கீட்டு வரின்னா உடனே இட ஒதுக்கீடுன்னு சண்டை வரும். நோக்க வரி கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கு, ஒத்துக்கறேன், ஆனா பொய் சொல்லல.

இது வெறும் சொல் விளையாட்டு இல்ல. வரி ஏத்துன சமயத்துல எங்க ஊர் மன்றக் கூட்டத்தப் பாக்கப் போயிருந்தேன். ஒரு கவுன்சிலர் எழுந்து, "இந்தக் கூடுதல் வரி எல்லாம் எதுக்கு?"ன்னு கத்துனாரு. "நிர்வாகச் செலவு கூடியிருக்கு"ன்னு பதில் வந்துச்சு, கூடுதலுக்குக் கூடுதல் சரியாப் போச்சு, உக்காந்துட்டாரு. அதையே "நூலகத்துக்கான வரின்னு எவ்வளவு வசூல் பண்ணீங்க, அதுல எவ்வளவு நூலகங்களை நடத்தற நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டுனீங்க"ன்னு கேட்டிருந்தா ஒரு நம்பர் சொல்லியே ஆகணும். 1948லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது, இன்னைக்கு சொத்து வரில பத்து சதவீதம் நூலகத்துக்குன்னு வாங்கறோம், உள்ளாட்சிங்க அதை வாங்கிகிட்டு ஆணைக்குழுவுக்கு பாக்கி வெக்கறதும் பேப்பர்ல வந்துகிட்டேதான் இருக்கு.

மேலயும் இதே கதைதான். 2018-19ல மத்திய அரசுக்கு 35 வகை செஸ்ல கிட்டத்தட்ட 2.74 லட்சம் கோடி வந்துச்சு, அதுல அந்தந்த நோக்கத்துக்கான நிதிக்குப் போனது 1.64 லட்சம் கோடிதான்னு தணிக்கையே சொல்லிருச்சு. அரசியல் சட்டம் 270வது பிரிவுப்படி செஸ்ஸையும் சர்சார்ஜையும் மாநிலங்களோட பங்கு போட வேண்டாம், அதனால பதினஞ்சாவது நிதிக் குழு மத்திய வரில மாநிலங்களுக்கு 41 சதவீதம் பங்குன்னு சொன்னாலும் அந்தக் காசு கணக்குலயே வராது. அதே நிதிக் குழுதான், உள்ளாட்சி மானியம் வேணும்னா சொத்து வரிய ஏத்துன்னு நிபந்தனை போட்டுச்சு, 2022ல மாநில அரசு காரணம் சொன்னதும் இதைத்தான். எல்லாத்தையும் கூடுதல் வரின்னு ஒரே சாக்குல கட்டிட்டா இதுல ஒரு முடிச்சும் கண்ணுக்குத் தெரியாது. மொழிபெயர்க்கறவங்களுக்கு இது தெரிய வேண்டாமா? அகராதில முதல்ல இருக்கற சொல்லை எடுத்துப் போட்டுட்டு சம்பளம் வாங்கிட்டுப் போயிடறாங்க, நாலாவது வரியப் படிச்சா கைவலிக்குமா?

போஸ்ட்மாஸ்டர் சார்கிட்ட அன்னைக்கு இவ்வளவையும் சொல்லல, செஸ்னா ஆட்டம் இல்ல சார், நம்ம கிளை நூலகத்துக்குப் போற காசுன்னு மட்டும் சொன்னேன். "அந்த ஒழுகற கட்டிடத்துக்கா?"ன்னாரு. ஆமான்னேன். போன மாசம் அவர் வீட்டுக்குப் போயிருந்தப்ப வரவு செலவு நோட்டு மேசை மேல தொறந்து கெடந்துச்சு. பால், கேஸ், மாத்திரை, பேப்பர்காரன். அதுக்குக் கீழ "வீட்டு வரி", பக்கத்துலயே தனியா ஒரு கோடு போட்டு "லைப்ரரிக்கு - 124". அதுக்கு நேரா சிவப்பு மையில ஒரு கேள்விக்குறி.