கை ஏன் மெஷினுக்குள் போகிறது?

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் 1972-இல் தொழிற்பேட்டை வந்தபோது முதலில் இறங்கியவை மின்னணுத் தொழிற்சாலைகள். அவற்றுக்கு வேண்டிய ஜிக் (வேலைத்துண்டைப் பிடித்து நிறுத்தும் சாதனம்), மோல்டு (அச்சு), சின்னச் சின்ன உலோக, பிளாஸ்டிக் பாகங்களைச் செய்து கொடுக்கத் தீவிலும் பிறை, புக்கிட் மெர்தாஜம் பக்கமும் மெஷின் ஷாப்புகள் பெருகின. நம் பிள்ளைகள் நிறையப் பேர் இன்று அங்கே ஆப்பரேட்டர்கள். சொந்தக்காரர்களைக் கேட்டால், "பட்டனைத் தட்டிவிட்டு நிற்கிற வேலைதானே" என்பார்கள். புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிஎன்சி மெஷின், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம்படி தானே வெட்டுகிற மெஷின், கதவை மூடிக்கொண்டு வெட்டும்போது பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அடிபடுவது நடுவில்தான்: வெட்டில் சீவி வரும் சுருளை எடுக்கும்போது, பாகத்தின் ஓரத்துப் பிசிறைத் தேய்க்கும்போது, சிக்கிய பாகத்தை இழுக்கும்போது. விபத்து அறிக்கையில் "ஆப்பரேட்டரின் கவனக்குறைவு" என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார்கள். எனக்கு அந்த வரி பிடிக்காது. கை ஏன் உள்ளே போனது என்று யாரும் கேட்பதில்லையே!

நைலான் புஷ் (குழாய்த் துண்டு மாதிரியான பாகம்) கடைவதை எடுத்துக்கொள்ளுங்கள். எஃகு மாதிரி துண்டு துண்டாக உடையாது நைலான். ரிப்பன் ரிப்பனாக நீண்டுகொண்டே வரும். வேலைத்துண்டைக் கவ்விப் பிடிக்கிற சக்கில் ஒரு சுற்று, வேலைத்துண்டில் ஒரு சுற்று, கொஞ்ச நேரத்தில் குருவிக்கூடு. அது உரசி உரசிப் பரப்பு கெட்டுப்போகும், தரம் பார்க்கிற கியூசி தள்ளிவிடுவார். அதனால் தம்பி என்ன செய்கிறான்? ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) முழுக்க நிற்பதற்குள் கதவைத் திறந்து ரிப்பனைப் பிடித்து இழுக்கிறான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் இன்னும் மோசம். அந்தச் சுருளின் ஓரம் பிளேடு.

"கிளவுஸ் போட்டிருக்கேன்ல அண்ணே" என்றான் ஒருவன்.

"அதனாலதான்டா பயமா இருக்கு. கழட்டு."

சுற்றுகிற எதற்குப் பக்கத்திலும் துணிக் கையுறை கூடாது. நுனி மாட்டினால் கையுறை கிழிந்து விடாது, விரலோடு சேர்த்து உள்ளே இழுக்கும். கையுறை, பொருளை ஏற்றி இறக்கவும் டூல் மாற்றவும்தான், அதுவும் ஸ்பிண்டில் நின்ற பிறகு. முழுக்கைச் சட்டை, கழுத்துச் சங்கிலி, கையில் கட்டிய கோவில் கயிறு, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கயிற்றைக் கழற்ற மனசு வராதவர்கள் உண்டு. சாமி கோபித்துக்கொள்ளாது, லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள்.

ஆனால் கண்டிப்பு மட்டும் போதாது. சுருள் உடையாதது வெட்டும் முறையின் கோளாறு. வெட்டுகிற முனையான இன்சர்ட்டில் சுருளை உடைக்கவென்றே இருக்கிற சிப் பிரேக்கர், அதற்கென்று சொல்லப்பட்ட ஃபீடிலும் (டூல் முன்னேறுகிற அளவு) ஆழத்திலும்தான் வேலை செய்யும். ஃபினிஷ் நன்றாக வரட்டும் என்று ஃபீடை ரொம்பக் குறைத்தால் சுருள் மெலிந்து நீளும். பல நேரம் ஃபீடைக் கொஞ்சம் கூட்டினாலே எஃகில் தீர்ந்துவிடும். நைலானுக்கு அதுவும் எடுபடாது. கூரான, பளபளப்பான இன்சர்ட் போட்டு, வெட்டை நடுநடுவே நிறுத்தி விலகுகிற மாதிரி புரோகிராமை மாற்றச் சொல்ல வேண்டும். இதனால் சைக்கிள் டைம், அதாவது ஒரு பாகம் முடிகிற நேரம், சில விநாடி கூடும். அந்தச் சில விநாடிக்குத்தான் மேலே முனகுவார்கள். முனகட்டும், மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மிச்சச் சுருளை எடுக்கக் கொக்கியும் பிரஷும் இருக்கின்றன, அதுவும் மெஷின் நின்றபின்.

அப்புறம் கதவு இண்டர்லாக், கதவு திறந்திருந்தால் மெஷினை ஓடவிடாத சுவிட்ச். சில ஷாப்புகளில் உபரிச் சாவி ஒன்றைச் சுவிட்சில் செருகி வைத்திருப்பார்கள். கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்கிறது என்று மெஷின் நம்பிவிடும். ஷிஃப்ட் தொடங்கும்போது அந்தச் சுவிட்சை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். பழைய கை லேத்தில் (கடைசல் மெஷின்) இண்டர்லாக்கே இல்லை. அங்கே சக் கீயை (சக்கை இறுக்கும் சாவி) மாட்டியபடியே விட்டு ஸ்டார்ட் போடுவதும், எமரி தாளை விரலில் சுற்றிப் பிடித்துத் தேய்ப்பதும் ஆளைக் கொண்டுபோகும்.

பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்துகிற மோல்டிங் பகுதியில் கை உள்ளே போவது ஒட்டிக்கொண்ட பாகத்தை எடுக்க. அதைவிட எனக்குப் பயம் பர்ஜ் செய்யும்போது, அதாவது உள்ளே நிற்கிற பழைய பிளாஸ்டிக்கை வெளியே தள்ளும்போதுதான். பிஓஎம் என்கிற அசெட்டால் பிளாஸ்டிக், பேரலில் (உருக்கும் உருளை) சூட்டோடு ரொம்ப நேரம் நின்றால் சிதைந்து, கண் எரிக்கிற ஃபார்மால்டிஹைடு வாயு வரும். பேரல் முனையில் இருக்கிற நாசில் அடைத்திருந்தால் அந்த வாயுவின் அழுத்தம் உருகிய பிளாஸ்டிக்கை நாசில் வழியாகவோ பிளாஸ்டிக் குருணை கொட்டுகிற ஹாப்பர் வழியாகவோ பீய்ச்சும். எனவே முகக்கவசம் போடுங்கள், நாசிலுக்கு நேரே நிற்காதீர்கள், ஹாப்பருக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். பிஓஎம் ஓடிய பேரலில் நேரடியாகப் பிவிசி போடவே கூடாது, பிவிசி ஓடியதில் பிஓஎம்மும் அப்படித்தான். இரண்டும் ஒன்றையொன்று வேகமாகச் சிதைக்கும். நடுவில் வேறு பிளாஸ்டிக் விட்டு நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும்.

வெட்டும்போது சூடு தணிக்கப் பாய்ச்சுகிற கூலண்ட் பற்றிச் சுருக்கமாக: தண்ணீர் ஆவியாக ஆகக் கரைசல் கெட்டியாகும், கைத்தோல் வெடிக்கும். கரைசலின் அடர்த்தியைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்து சரிசெய்யுங்கள். திங்கட்கிழமை காலை அழுகல் நாற்றம் வந்தால் பாக்டீரியா பெருகிவிட்டது என்று அர்த்தம், வாசனைத் திரவம் ஊற்றி மறைக்காதீர்கள்.

மலேசியச் சட்டமும் மாறியிருக்கிறது. 1967-இன் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் நீக்கப்பட்டு, 1994-இன் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 1 ஜூன் 2024 முதல் நடப்பில் உள்ளன. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலக உங்களுக்கு உரிமை உண்டு. இண்டர்லாக் இல்லாத மெஷினில் நிற்கச் சொன்னால், முதலில் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது.

காயம் பட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தெரிவிக்க வேண்டும். எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்பு) குறைந்தது 4 நாள் இருந்தால் தற்காலிக இயலாமைக்கான தொகை, சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கணக்கில் கிடைக்கும். கிளினிக்கில் எப்படி நடந்தது என்று கேட்கும்போது, எந்த மெஷின், எத்தனை மணி என்பதையும் சேர்த்து உள்ளதைச் சொல்லுங்கள். "வீட்டுக் கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லிடு" என்று காரில் கூட்டிப்போகும்போதே சொல்லிக் கொடுக்கிற சூப்பர்வைசர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லி டாக்டர் அதை எழுதிவிட்டால், பிறகு வேலையிடக் காயம் என்று நிரூபிக்கப் படாத பாடு படவேண்டும்.