எரிச்சல் அடங்கினால் நோய் போய்விட்டதாக அர்த்தமில்லை

நாலு வருடத்துக்கு முந்தைய பயாப்சி ரிப்போர்ட், இரைப்பையிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தது. 'இரைப்பை உட்சவ்வு மெலிவு, குடல்வகைத் திசுமாற்றம், ஹெச். பைலோரி பாசிடிவ்' என்று தெளிவாகவே இருக்கிறது. அதாவது, இரைப்பையின் உள்சவ்வு தேய்ந்து, அதன் செல்கள் குடல் செல்கள் மாதிரி மாறியிருக்கின்றன; இரைப்பையில் வாழும் ஹெச். பைலோரி என்ற பாக்டீரியாக் கிருமியும் இருக்கிறது. யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பெரியவர் வயிற்றில் எரிச்சலுக்குப் பான்டோப்ரசோல் அட்டையை மருந்துக்கடையில் காட்டிக் காட்டி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். இப்போது எடை பத்து கிலோ குறைந்து, ஹீமோகுளோபின் 7இல் வந்து நிற்கிறார். இதே கதையை எத்தனை தடவைதான் கேட்பது?

"மாத்திரை போட்டா நல்லாத்தானே இருக்கு டாக்டர்!"

அந்த மாத்திரை அமிலச் சுரப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். அதை மட்டும் எத்தனை வருடம் விழுங்கினாலும் கிருமி சாகாது. அழற்சி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்றும் கேளுங்கள்: உட்சவ்வு மெலியும்போது அமிலம் சுரக்கும் சுரப்பிகளே அழிகின்றன. அப்போது மாத்திரை இல்லாமலேகூட எரிச்சல் அடங்கலாம். 'குணமாகிவிட்டது' என்று நீங்கள் நினைக்கும் நேரம், சிலருக்கு நோய் அடுத்த கட்டத்துக்குப் போன நேரம். காரத்தை நிறுத்திவிட்டேன் என்பதும் பதில் இல்லை. மிளகாயைக் குறைத்தால் கிருமி போய்விடாது.

1994லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியை முதல் வகைப் புற்றுக்காரணிகளில், அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், சேர்த்துவிட்டது. அதற்காகப் பதற வேண்டாம். கிருமி இருக்கிற பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை. வந்தாலும் மெலிவு, திசுமாற்றம், செல் பிறழ்வு (புற்றுக்கு முந்தைய செல் மாற்றம்) என்று பல வருடம் எடுத்துக்கொள்ளும். அத்தனை வருட அவகாசத்தையும் வீணடிப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பயாப்சிக்குச் சதை எடுத்தால் புற்று பரவும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! பரவாது. (எண்டாஸ்கோபி செய்யும் நண்பர்களே, ஒரே இடத்தில் ஒரு துணுக்கோடு நிறுத்தாதீர்கள். திசுமாற்றம் திட்டுத் திட்டாக இருக்கும். இரைப்பையின் கீழ்ப்பகுதி, நடுப்பகுதி இரண்டிலிருந்தும் எடுத்துத் தனித்தனிக் குப்பியில் அனுப்புங்கள்.)

சரி, செய்ய வேண்டியது. கிருமிக்கு 14 நாள் மருந்து என்றால் 14 நாளும் சாப்பிடுங்கள். வாய் கசக்கிறது என்று ஐந்தாம் நாள் நிறுத்தாதீர்கள். முடித்து நாலு வாரமாவது கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து கிருமி போனதை உறுதிப்படுத்துங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அமில மாத்திரையை நிறுத்த வேண்டும். இரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பது இதற்கு உதவாது. கிருமி போனபிறகும் பாசிடிவ் காட்டும். திசுமாற்றம் பரவலாக இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை எண்டாஸ்கோபி. பீடி, சிகரெட்டை விட்டுவிடுங்கள். ஊறுகாயும் கருவாடும் தினசரி வேண்டாமே.

கறுப்பாக மலம் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ மருந்துக்கடைக்குப் போகாதீர்கள், மருத்துவமனைக்கு வாருங்கள். பெற்றோர், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இரைப்பைப் புற்று வந்திருந்தால், தயவுசெய்து, வலி வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே கிருமிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.